வீட்டு முற்றத்தில் திராட்சைப் பந்தல்

பந்தல் நம் வீடுகளுக்குப் புதியதன்று. கொல்லையில் அவரையும் புடலும் பீர்க்கும் படர்கின்றன. வாயிலில் முல்லையும் மல்லிகையும் படர்கின்றன. ஆயினும் அவரையும் புடலும் ஒரு பருவத்தோடு பட்டுப்போவன. மல்லிகை மணம் தரும், உணவு தராது. நிழல், உணவு, அழகு ஆகிய மூன்று பயன்களையும் ஒரே வேரினின்று பல்லாண்டுகள் தொடர்ந்து தரவல்ல கொடி ஒன்று உண்டென்றால், அது கொடிமுந்திரி எனவும் வழங்கப்பெறும் திராட்சையே. அதனை வீட்டளவில் வளர்க்கும் முறையை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெசவாளர் இல்லங்களுக்கு நிழல் வெறும் சுகமன்று. அது தொழிலுக்கு வேண்டிய சாதனம். தார் சுற்றுதல், நூல் பிரித்தல், பாவு பிணைத்தல் போன்ற பணிகளிற் பெரும்பகுதி திண்ணையிலும் முற்றத்திலும் நடைபெறுகிறது. அதனைச் செய்வோருட் பெரும்பாலோர் பெண்கள். சித்திரை வைகாசி நண்பகலில் தகரமும் சிமெண்டுத் தகடும் வேய்ந்த தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பது எளிதன்று. வேம்போ புங்கனோ நட்டால் நிழலுக்குப் பல்லாண்டு காத்திருக்க வேண்டும். சிறு மனைகளில் அதற்கு இடமும் இராது. திராட்சைக்கோ இரண்டடிச் சதுர நிலம் போதும். இரண்டாம் ஆண்டிலேயே பந்தல் நிறைந்துவிடும்.

கொடி மலடாவது ஏன்?

நாம் தணிக்கைக்குச் செல்லும் ஊர்களில் திராட்சைக் கொடி நட்டுப் பார்த்துப் பின்னர் வெட்டியெறிந்த வீடுகள் பலவற்றைக் காண்கிறோம். “இலை செழிப்பாக வந்தது, காய் மட்டும் வரவில்லை” என்பதே எங்கும் கேட்கும் குறை. அக்கொடிகளிற் பெரும்பாலானவை மலடல்ல, கவாத்துப் பெறாதவை. இவ்வேறுபாட்டை அறிந்துகொண்டால் திராட்சை வளர்ப்பின் பாதியை அறிந்தவராவோம்.

குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்ததும் திராட்சை இலையுதிர்த்து உறங்குகிறது. வேனில் பிறந்ததும் புதுத் தளிர் விடுகிறது. அத்தளிரில்தான் பூங்கொத்து தோன்றும். நம் நாட்டில் கொடியை உறங்கச் செய்யும் குளிர் இல்லை. அது ஓயாமல் வளர்கிறது. வளர்ச்சி முழுவதும் நுனிக்கே செல்ல, அடிக்கணுக்கள் துளிர்க்காமல் அடங்கிக் கிடக்கின்றன. அங்கே பனி செய்யும் வேலையை இங்கே கத்தரிக்கோல்தான் செய்ய வேண்டும். முதிர்ந்த கிளையை அளவாக வெட்டும்போது அதுவரை அடங்கியிருந்த கணுக்கள் விழித்துத் துளிர்விடுகின்றன. துளிருடன் குலையும் வருகிறது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. அடுத்த காய்ப்புக்குரிய குலையின் கரு இப்பொழுது வளரும் கிளையின் மொட்டுக்குள்ளேயே உருவாகிவிடுகிறது. அவ்வாறு உருவாக மொட்டின் மீதும் அதனையடுத்த இலைகள் மீதும் ஒளி பட வேண்டும். இலைமேல் இலை அடர்ந்து இருண்டுவிட்டால் மொட்டு இலைமொட்டாகவே நின்றுவிடும். எனவே நிழலில் மிகுந்த ஆசை கொண்டு ஓர் இலையையும் தொடாதவருக்குக் கனி கிட்டாது. நண்பகலில் பந்தலின் கீழ் நின்று தரையை நோக்குக. காசு காசாக வெயில் சிதறியிருந்தால் பந்தல் சரியான அளவில் உள்ளது. தரை முழுதும் இருண்டிருந்தால் கிளைகள் மிகுந்துவிட்டன என்பது பொருள்.

எவ்வகையை நடுவது?

தமிழ்நாட்டு வீடுகளுக்கு ஏற்றது பன்னீர்த் திராட்சையே. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் உலகப் பெயர். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் இது பேரளவில் பயிராகிறது. அங்கே தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாளை மாற்றியமைப்பதால் ஆண்டு முழுவதும் அறுவடை நடைபெறுகிறது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

இவ்வகையின் பெற்றோரில் ஒன்று கறுப்பு ஹாம்பர்க். இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-ஆம் ஆண்டில் நடப்பெற்ற கறுப்பு ஹாம்பர்க் கொடியொன்று இன்றும் காய்த்து வருகிறது. ஒரே வேரில் நின்று ஒரு கண்ணாடி மனை முழுவதையும் நிறைத்துள்ள அக்கொடி, முறையாகக் கவாத்துச் செய்யப்பெற்று வருவதாலேயே இரண்டரை நூற்றாண்டு கடந்தும் பயன் தருகிறது. வெட்டினால் கொடி செத்துவிடுமோ என்று அஞ்சுவோர் இதனை நினைவிற் கொள்க.

இடமும் நடவும்

நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் வெயில் படும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீர் தேங்கும் பள்ளம் ஆகாது. இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி எடுத்துச் சில நாள் ஆறவிட்டு, மேல்மண்ணுடன் மக்கிய தொழு உரம் இரண்டு கூடை கலந்து நிரப்புக. ஆனி, ஆடி மாதங்கள் நடவுக்கு ஏற்றவை. வேர்விட்ட கன்று கிடைத்தால் நன்று. இல்லையெனில் கவாத்தின்போது கழிக்கும் முதிர்ந்த கிளையில் பென்சில் பருமனுள்ளதை நான்கைந்து கணுக்களுடன் நறுக்கி, இரண்டு கணுக்கள் மண்ணுள் இருக்குமாறு பையில் ஊன்றினால் இரண்டு மூன்று மாதங்களில் வேர் பிடிக்கும். உவர் நிலமாயின் டாக்ரிட்ஜ் என்னும் வேர்ச்செடியின்மேல் ஒட்டுக்கட்டிய கன்றை வாங்குவதே நலம்.

சாயமிடும் இல்லங்களுக்கு ஓர் எச்சரிக்கை. சாயப்பட்டறைக் கழிவுநீரையும் சோப்பு நீரையும் கொடிக்கு விடலாகாது. அவற்றிலுள்ள உப்பு மண்ணிற் படிந்து வேரைக் கெடுக்கும். அரிசி, காய்கறி கழுவிய நீரை விடலாம். வாரம் ஒருமுறை நன்கு நனையுமாறு நீர்விட்டாற் போதும்.

பந்தல்

வீட்டுப் பந்தல் ஏழடி உயரம் இருத்தல் வேண்டும்; அதற்குத் தாழ்ந்தால் தலை இடிக்கும், உயர்ந்தால் கவாத்துக்குக் கை எட்டாது. கல்தூண் நெடுநாள் நிற்கும்; சவுக்கும் மூங்கிலும் மலிவாயினும் சில ஆண்டுகளில் மாற்ற நேரும். தூண்களை இணைத்துத் துருப்பிடிக்காத கம்பியை ஓரடி ஓரடியாகக் குறுக்கும் நெடுக்கும் கட்டுக. பந்தலின் பாரத்தை ஓட்டுக்கூரை மீதோ மண்சுவர் மீதோ ஏற்றலாகாது. குலை தாங்கிய கொடி மழையில் நனைந்து காற்றில் அசையும்போது அதன் பளு சிறிதன்று.

கன்றிலிருந்து ஒரே தண்டை மட்டும் மேலேற்றிப் பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடுக. தண்டு பந்தலை எட்டியதும் நுனியைக் கிள்ளினால் கிளைகள் தோன்றும். அவற்றுள் எதிரெதிராகச் செல்லும் இரண்டைப் புயங்களாகத் தேர்ந்து படரவிடுக. புயங்களினின்று எழும் கிளைகளைப் பந்தல் முழுவதும் பரப்பிக் கட்ட வேண்டும். கட்டுவதற்குத் தறியிற் கழியும் பருத்தி நூலே சிறந்தது. விவசாயிகள் வாழைநாரைக் கொள்ளலாம். கம்பியால் இறுக்கினால் பட்டை அறுபடும்.

கவாத்துக் காலம்

கவாத்துச் செய்த பந்தல் ஏறத்தாழ ஆறு வாரங்கள் வெறுமையாகத் தோன்றும். ஆகவே நிழல் தேவைப்படாத நாளில் வெட்டுவதே வீட்டுக்கு உகந்த முறை. மார்கழி இறுதியில் அல்லது தைத் தொடக்கத்தில் வெட்டுக. அப்போது முற்றத்தில் விழும் இளவெயில் வீட்டாருக்கும் இதமே. இரு வாரத்தில் துளிர்க்கும். மாசி இறுதிக்குள் பந்தல் மூடும். வெயில் கடுமையாகும் பங்குனி, சித்திரையில் நிழல் நிறைவாக இருக்கும். வெட்டிய நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் கனி பழுக்கும்.

தோட்டக்காரர்கள் வைகாசியிலேயே அடுத்த கவாத்தைத் தொடங்குவர். வீட்டிலோ கத்திரி வெயில் தணியும்வரை காத்திருந்து, ஆனி முதல் வாரத்தில் வெட்டலாம்; புரட்டாசி இறுதியை ஒட்டி இரண்டாம் அறுவடை கிட்டும். அதற்குமேல் தாமதித்தால் வடகிழக்குப் பருவமழையில் குலைகள் வெடித்து அழுகும்.

பழுப்பு நிறமாகி முதிர்ந்து, பென்சில் பருமனுள்ள கிளையில் நான்கு அல்லது ஐந்து கணுக்களை விட்டு வெட்டுக. மெலிந்த கிளையில் இரண்டு கணுக்களே போதும்; அது இவ்வாண்டு காய்க்க வேண்டுவதில்லை, அடுத்த காய்ப்புக்குக் கிளை தந்தாற் போதும். உலர்ந்தவற்றையும் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்தவற்றையும் அடியோடு நீக்குக. வெட்டுவாயிற் சொட்டும் நீரைக் கண்டு அஞ்ச வேண்டா. சில நாட்களில் அது தானே நிற்கும். கவாத்து முடிந்ததும் தொழு உரம் இட்டு நீர் விடுக. மருந்து தெளிக்காத இலைகளாயின் கழித்த தழையை ஆடுகள் விரும்பித் தின்னும்.

நோயும் காப்பும்

மழைக்காலத்தில் இலையின் மேற்புறம் மஞ்சள் திட்டும் அதன் அடிப்புறம் வெண்பூஞ்சையும் தோன்றினால் அது அடிச்சாம்பல் நோய். அதற்குரிய மருந்து பிறந்த கதை சுவையானது. பிரான்சு நாட்டின் போர்டோப் பகுதியில் வழியோரக் கொடிகளின் பழத்தைப் போவோர் வருவோர் பறிக்காதிருக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைத்தனர். அக்கொடிகளில் மட்டும் நோய் இல்லாமையை 1882-ஆம் ஆண்டில் மில்லார்டே என்னும் தாவர அறிஞர் கவனித்தார்; ஆராய்ந்து 1885-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதுவே போர்டோக் கலவை.

மயில்துத்தம் 100 கிராமை 5 லிட்டர் நீரிலும், சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை 5 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குக. மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது. தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையில் தோய்த்து எடுக்கும்போது செம்பு படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றே தெளித்து முடிக்க வேண்டும். இலைமேல் சாம்பல் தூவியது போன்ற நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம் போதும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கலத்தலும் ஆகாது. கனி நிறம் மாறத் தொடங்கியபின் தெளித்தலும் ஆகாது. தெளிக்கும் நாளில் பாவையும் நூலையும் உள்ளே எடுத்துவிடுக. அவற்றிற் படிந்த கறை எளிதிற் போகாது.

பறவைகளுக்கு மெல்லிய துணிப்பை கட்டினாற் போதும். தறியில் விழும் துண்டுத் துணி அதற்கு உதவும். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு நீரை நிறுத்துக. வாழையையும் மாவையும் போலத் திராட்சையைப் பறித்துப் பழுக்க வைக்க முடியாது. பறித்தபின் அதன் இனிப்பு கூடுவதில்லை. குலையின் அடிநுனிக் கனியைச் சுவைத்துப் பார்த்து, அது இனித்த பின்னரே குலையை வெட்டுக. உண்ணுமுன் நன்கு கழுவுதல் அவசியம்.

கணக்கும் கூட்டுறவும்

நன்கு பேணப்பெற்ற தோட்டத்தில் பன்னீர்த் திராட்சை எக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 30 டன் அளவில் விளையும். 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் எக்டேருக்கு 1,666 கொடிகள். எனவே ஒரு கொடிக்கு 18 கிலோ ஆகிறது. வீட்டில் அதிற் பாதி கிடைத்தாலும் குழந்தைகள் உண்ண அது போதும். இதனை வருவாய்ப் பயிராகக் கருதிக் கடன் வாங்கி முதலிடுதல் தகாது. இதன் இலாபம் பேரேட்டில் ஏறுவதன்று. வெயில் நாளில் நிழலில் அமர்ந்து முடித்த வேலையிலும், விலை கொடாமல் வீட்டார் உண்ட பழத்திலும் அது உள்ளது.

எனினும் சங்கத்துக்கு இதில் இடமுண்டு. அடிச்சாம்பல் காற்றிற் பரவுவது. அதற்குச் சுவரும் வேலியும் தடையல்ல. ஒரு வீட்டார் மருந்து தெளித்துப் பக்கத்து வீட்டார் தெளிக்காவிட்டால் இருவர் பந்தலும் கெடும். ஆகவே தெளித்தல் தனிமனிதர் வேலையன்று, தெருவின் வேலை. சங்கத்துக்கு ஒரு கைத்தெளிப்பானும் இரண்டு நல்ல கவாத்துக் கத்திரிகளும் இருந்தால் இருபது வீடுகளுக்குப் போதும். மயில்துத்தத்தை மொத்தமாக வாங்கிப் பங்கிடலாம். தை மாதத்தில் ஒரு நாள் குறித்து, கவாத்துத் தெரிந்த விவசாய அங்கத்தினர் ஒருவர் முதல் வீட்டிற் செய்துகாட்ட, ஏனையோர் கற்றுத் தத்தம் வீட்டிற் செய்யலாம். அன்று கழியும் கிளைகளே அடுத்த தெருவுக்கு நாற்றாகும்.

வெட்டத் தயங்கிய கைகளால்தான் பல பந்தல்கள் வீணாயின. இவ்வாண்டு தை பிறக்குமுன் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் நிற்கும் பழங்கொடியை ஒருமுறை உற்று நோக்குக. மலடென்று கோடரியை எடுக்குமுன் கத்தரிக்கோலை எடுத்துப் பாருங்கள்.