விமானச் சீட்டும் அச்சாரப் பணமும்

ஆகாய மார்க்கமாய்ப் பிரயாணஞ் செய்தல் முற்காலத்தில் செல்வர்க்கே உரியதாயிருந்தது. இக்காலத்திலோ, ஆரணி, பெரணமல்லூர் முதலிய நெசவூர்களிலிருந்து கல்வியின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் மீனம்பாக்கஞ் சென்று விமானம் ஏறுவோர் பலராவர். அவருட் பெரும்பாலோர் வாங்குவது விலை குறைந்த சீட்டேயாகும். அச்சீட்டில் 'பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்னும் வாசகம் காணப்படும். புயலாலோ, கொள்ளைநோயாலோ, கம்பெனியாரின் குறைபாட்டாலோ விமானம் நின்றுவிடின், இவ்வாசகத்தைக் கண்டு பணம் போயிற்றென்றே எண்ணிப் பலர் வாளாவிருந்து விடுகின்றனர். அவ்வாசகம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதை விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கமாம்.

நம் நாட்டில் அச்சாரம் என்றொரு வழக்கம் உண்டு. ஒருவர் தம் மகள் கலியாணத்திற்குப் பட்டுச் சேலை நெய்து தருமாறு நெசவாளர் ஒருவரிடம் அச்சாரங் கொடுக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். பின்பு அவரே மனம் மாறிச் சேலை வேண்டாமென்றால், பாவைத் தறியிலேற்றிவிட்ட நெசவாளர் அச்சாரத்தைத் திருப்பித் தரவேண்டுமென்று எவரும் வற்புறுத்தார். ஆனால் நெசவாளரே சேலையை நெய்து கொடாதொழியின், அச்சாரம் அவர்க்கு உரியதென்று சொல்வாரும் இலர். பெருமழை பெய்து தறிக்குழியில் நீர் புகுந்தமையால் நெய்ய இயலாமற் போயிற்று எனினும், அவர்மேற் குற்றமில்லை என்பது மட்டுமே பெறப்படும், பணம் கொடுத்தவருடையதே. விமானச் சீட்டின் நியாயமும் இதுவேயாம். திருப்பித் தரப்படமாட்டாது என்னும் நிபந்தனை, பிரயாணி தாமாகப் பின்வாங்கும்போது அவரைக் கட்டுப்படுத்துவது. கம்பெனியார் விமானத்தையே செலுத்தாதபோது அவர்களைக் காக்கும் கேடயம் அன்று.

இந்திய சர்க்காரின் சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் வகுத்த விதிகளும் இதனையே தழுவி நிற்கின்றன. கம்பெனியார் விமானத்தை ரத்துச் செய்தால், வேறு விமானத்தில் இடம், அல்லது முழுப்பணம், இவ்விரண்டில் ஒன்றைப் பிரயாணி பெறலாம். உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்திற்கு மேல் தாமதமாகும் என்று தெரியவரினும் அவ்வாறே. புயல், கலகம் போன்ற அசாதாரண நிலைமைகளில் கம்பெனியார் நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவரல்லர். ஆனால் நஷ்டஈடு வேறு, கொடுத்த பணம் வேறு. முன்னது தவிர்க்கப்படினும் பின்னது தவிர்க்கப்படாது. இவ்வேறுபாட்டை அறியாமையாலேயே பலர் ஏமாற்றமடைகின்றனர்.

பிரயாணி தம் சொந்தக் காரணத்தால் போகாதொழியினும் எல்லாம் இழந்தவராகார். அடிப்படைக் கட்டணம் திரும்பாததாயினும், சர்க்கார் வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திருப்பித் தரப்படவேண்டும். சலுகை விலைச் சீட்டுக்கும் இவ்விதி பொருந்தும். மேலும், பணத்தைக் கொடாமல் பிற்காலப் பிரயாணத்திற்கென்று கணக்கில் வரவு வைத்துக்கொள்ளுதல் பிரயாணியின் விருப்பத்தைச் சார்ந்ததேயன்றிக் கம்பெனியாரின் இஷ்டம் அன்று.

இவ்விதிகள் 2020-ஆம் வருஷத்தில் பெருஞ் சோதனைக்குட்பட்டன. கொரோனா நோயை முன்னிட்டு மார்ச்சு 25 முதல் தேசம் முழுவதும் முடக்கப்பட்டபோது விமானங்கள் யாவும் நின்றன. கம்பெனியாரிற் பலர் பணத்தைக் கொடாமல் வரவு மட்டுமே வைத்தனர். ஏப்ரல் 16-இல் சர்க்கார் பிறப்பித்த ஆணையோ, முடக்கத்திற்குள் சீட்டு வாங்கியவர்க்கே பயன்பட்டது. அதற்கு முன்னரே வாங்கியிருந்த பெருந்தொகையினர் விடுபட்டனர். பிரவாசி லீகல் செல் என்னும் சங்கத்தார் இதனைச் சுப்ரீம் கோர்ட்டில் முறையிட்டனர்.

அவ்வருஷம் அக்டோபர் 1-இல் நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். முடக்க காலத்தில், அக்காலத்துப் பிரயாணத்திற்கென வாங்கிய சீட்டுக்கு முழுப்பணமும் உடனே தரவேண்டும். முன்னரே வாங்கிய சீட்டுக்கு 15 நாட்களுக்குள் பணந்தர முயலவேண்டும். பண நெருக்கடியால் இயலாத கம்பெனியார் 2021 மார்ச்சு 31 வரை வரவு வைக்கலாம். ஆயின் அவ்வரவு 2020 ஜூன் 30 வரை மாதத்திற்கு நூற்றுக்கு அரை வீதமும், அதன்பின் முக்கால் வீதமும் வளரவேண்டும், பிறர்க்கு மாற்றத்தக்கதாயிருக்கவேண்டும், தவணை முடிவில் எஞ்சியதைப் பணமாகவே கொடுக்கவேண்டும். கம்பெனியாரின் இடுக்கணும் பிரயாணியின் உரிமையும் ஒருங்கே எடைபோடப்பட்டமையை இதனால் அறியலாம்.

2025 டிசம்பர் முதல் வாரத்தில், விமானிகளின் ஓய்வு பற்றிய புதிய விதிகளுக்கேற்ப ஏற்பாடு செய்யாமையால் இண்டிகோ கம்பெனியின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. அப்போது டிசம்பர் 7 இரவு 8 மணிக்குள் பணத்தைத் திருப்பிக் கொடுத்து முடிக்குமாறு சர்க்கார் கட்டளையிட்டனர். ஐரோப்பிய நாடுகளிலும் 2004-ஆம் வருஷத்து 261-ஆம் விதியின்படி, ரத்தான விமானத்தின் பணத்தை 7 நாட்களுக்குள் திருப்பித் தருதல் கடமையாகும்.

எனினும் உரிமை வேறு, பணம் கைக்கு வருதல் வேறு. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட்டும் நின்றுபோயின. கம்பெனியே திவாலானால், பிரயாணி மற்றக் கடன்காரரோடு வரிசையில் நிற்கவேண்டியவராகின்றார். ஆதலால் நலிந்த கம்பெனியிடம் பல மாதங்களுக்கு முன்னரே பணங்கட்டுதல் விவேகமன்று. கட்டுவதாயின் கடன் அட்டை மூலம் கட்டுதல் நலம். பெறாத சேவைக்குரிய தொகையைப் பற்றிப் பாங்கியினிடமே ஆட்சேபம் எழுப்புதற்கு அஃது இடந்தரும்.

இனி, செய்யத்தக்கவை சில. முதலாவது, புயற்செய்தி கேட்டவுடன் அஞ்சித் தாமே சீட்டை ரத்துச் செய்தலாகாது. அவ்வாறு செய்வோர் சேலை வேண்டாமென்றவர் நிலையை அடைவர். கம்பெனியார் ரத்துச் செய்யும்வரை பொறுத்திருப்போர்க்கோ முழுப்பணமும் உண்டு. இரண்டாவது, ரத்துச் செய்தியைப் பத்திரப்படுத்தி, வரவு வேண்டாம், பணமே வேண்டும் என்று எழுத்து மூலமாய்க் கேட்கவேண்டும். மூன்றாவது, ஏஜெண்டு மூலம் வாங்கிய சீட்டாயின், பணம் கம்பெனியாரிடம் உள்ளதா, ஏஜெண்டிடம் வந்துவிட்டதா என இருவரையும் கேட்டறிதல் வேண்டும். நான்காவது, மறுமொழி இல்லையேல் சர்க்காரின் ஏர்சேவா என்னும் முறையீட்டுத் தளத்திலும், 1915 என்னும் நுகர்வோர் தொலைபேசி எண்ணிலும் தெரிவிக்கலாம். முடிவில் நுகர்வோர் ஆணையம் இருக்கின்றது. 2019-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, ஒருவர் தாம் வசிக்கும் ஜில்லாவிலேயே இரண்டு வருஷத்திற்குள் வழக்கிடலாம். பெரணமல்லூரார் டில்லிக்கோ பம்பாய்க்கோ செல்லவேண்டுவதில்லை, திருவண்ணாமலையே போதும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின் மனுக்கட்டணமும் இல்லை. வக்கீல் வைத்தேயாகவேண்டும் என்பதும் இல்லை.

ஒரு சீட்டின் விலை செல்வர்க்குச் சிறு தொகையாயிருக்கலாம். தறியில் அமர்ந்து உழைப்போர்க்கோ அது பல நாட் கூலியாகும். கற்றோர் இவ்விதிகளை அறிந்திருத்தல் தம் பணத்தைக் காப்பதற்கு மட்டுமன்று. கடல் கடந்து வேலைக்குப் போகும் மகனுக்குச் சீட்டெடுத்துக் கொடுத்த அண்டை வீட்டுப் பெரியவர், விமானம் நின்றதென்று கலங்கி வருங்கால், அவர்க்காக ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது நம் மாணவர் எவர்க்கும் எளிதில் இயலும்.