நீரிலும் நிலத்திலும் ஓடும் பழைய ஊர்தி: இயக்க உறுப்புகளைச் செப்பனிடும் முறை

நிலத்தில் ஓடிவந்து, அப்படியே நீரில் இறங்கி, மிதந்தவாறு மறுகரை ஏறும் ஆறு சக்கரச் சிற்றூர்திகள் 1960-ஆம் ஆண்டுகளில் கனடாவிலும் அமெரிக்காவிலும் தோன்றின. கனடாவின் ‘ஜிகர்’ இவற்றுள் முன்னோடியாகும். அந்நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில் 1967-இல் வெளிவந்த ‘ஆர்கோ’ இன்றும் உற்பத்தியாகி வருகிறது. ஆனால், அதே காலத்தில் தோன்றிய பல நிறுவனங்கள் 1970-ஆம் ஆண்டுகளிலேயே மறைந்துவிட்டன. அவற்றின் ஊர்திகளை வைத்திருப்போர் பழைய உறுப்புகளைச் செப்பனிட்டே ஓட்ட வேண்டியுள்ளது.

இவ்வூர்தி நம் தோட்டங்களில் காணக்கூடியதன்று. எனினும், சங்கிலி, பற்சக்கரம், பேரிங், அச்சு ஆகியவற்றின் தன்மை எங்கும் ஒன்றே. மோட்டார் சைக்கிளைத் தாமே பழுதுபார்க்கும் தோட்டத்து இளைஞர்களுக்கு இச்செய்திகள் பயன்படும்.

ஆற்றல் செல்லும் வழி

எஞ்சினின் ஆற்றல் முதலில் ஒரு பெல்ட்டின் வழியே கியர் பெட்டியை அடைகிறது. அங்கிருந்து இடப்புறச் சக்கரங்களுக்கும் வலப்புறச் சக்கரங்களுக்கும் தனித்தனிச் சங்கிலிகள் செல்கின்றன. ஊர்தியைத் திருப்புவதற்கு வட்டமான கைப்பிடிச் சக்கரம் இல்லாத ஊர்திகளில் இரண்டு நெம்புகோல்கள் இருக்கும். வலப்புற நெம்புகோலை இழுத்தால் வலப்புறச் சக்கரங்கள் நிற்கும். ஊர்தி வலப்பக்கம் திரும்பும். நீரில் சக்கரங்களே துடுப்பாகச் சுழன்று, மணிக்கு ஏறத்தாழ 4 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்தியைத் தள்ளுகின்றன.

இவற்றுள் பல ஊர்திகளில் பிரேக்கும் கியர் பெட்டியிலேயே அமைந்துள்ளது. ஆகவே, முதன்மைச் சங்கிலி அறுந்தால் அப்பக்கத்துக்கு ஓட்டமும் இல்லை, பிரேக்கும் இல்லை. சரிவில் இறங்கும்போதோ ஆற்றின் நடுவிலோ இது நேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகும். செப்பனிடும் வேலையைச் சங்கிலியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இதுவே.

சங்கிலியும் பற்சக்கரமும்

வேலையைத் தொடங்குமுன் எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். சக்கரங்களுக்கு அண்டை கொடுக்க வேண்டும்.

சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தூரிகையால் துலக்குக. பிறகு அதை இழுத்துப் பிடித்து அளந்து பார்க்க வேண்டும். கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம் உள்ள சங்கிலியில் 24 கண்ணிகளின் நீளம் 304.8 மில்லிமீட்டர். அது 314 மில்லிமீட்டரை எட்டினால் தேய்மானம் நூற்றுக்கு 3 விழுக்காடாகிவிட்டது என்று பொருள். அச்சங்கிலியைக் கழித்துவிடுதல் வேண்டும். தேய்ந்த சங்கிலியில் இரண்டொரு கண்ணிகளை எடுத்துவிட்டு இறுக்கிக் கட்டுவது தற்காலிக ஏமாற்றமே அன்றிச் செப்பனிடுதல் ஆகாது.

பற்சக்கரத்தின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் அதுவும் பயன்படாது. தேய்ந்த பற்சக்கரத்தில் புதுச் சங்கிலியை மாட்டினால் அதுவும் விரைவில் கெடும். அதற்கேற்ற புதுப் பற்சக்கரம் கிடைக்காதபோது, பழைய நடுக்குடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கடையில் கிடைக்கும் பொது அளவுப் பல்வட்டை அதில் பற்றவைக்கலாம். நடுமையம் சிறிதும் விலகாதிருக்க, இவ்வேலையைக் கடைசல் இயந்திரம் உள்ள பட்டறையில் செய்விப்பது நலம்.

சங்கிலியை மீண்டும் பூட்டும்போது, இணைப்புக் கண்ணியின் கிளிப்பில் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். திறந்த முனை முன்னே இருந்தால் கிளிப் எதிலேனும் பட்டுக் கழன்றுவிடும்.

அச்சும் பேரிங்கும்

உடலின் பக்கச்சுவரைத் துளைத்து அச்சு வெளிவரும் இடத்தில் பேரிங்கும் நீர் புகாத சீலும் உள்ளன. சேறும் நீரும் முதலில் தாக்குவது இவ்விடத்தையே. பேரிங்கைக் கையால் சுழற்றும்போது கரகரப்போ ஆட்டமோ தென்பட்டால் மாற்றிவிடுக. தயாரித்த நிறுவனம் மறைந்திருந்தாலும் கவலையில்லை. பேரிங்கின் மேல் பொறித்துள்ள எண்ணைக் கூறினால் வேறு நிறுவனத்தின் பேரிங்கும் பொருந்தும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. வட அமெரிக்காவின் பழைய அச்சுகளில் பல, அங்குல அளவில் அமைந்தவை. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர் பேரிங் அதில் ஏறாது. அதற்காக அச்சை அரத்தால் தேய்ப்பது பெருந்தவறு. அச்சு உருண்டை வடிவம் இழந்து, புதுப் பேரிங்கையும் கெடுக்கும். சீல் உராய்ந்து அச்சில் பள்ளம் விழுந்திருந்தால், அவ்விடத்தில் மெல்லிய உருக்கு உறை ஒன்றை ஏற்றினால் போதும். அச்சையே மாற்ற வேண்டியதில்லை.

துருவும் பெல்ட்டும்

துருப்பிடித்த அடைப்புத் தகடுகளையும் தாங்குசட்டங்களையும் வினிகரில் ஓர் இரவு ஊறவைத்துத் துலக்கி, நன்கு கழுவி, உலர்ந்தவுடன் எண்ணெய் பூசலாம். ஆனால், சங்கிலியையும் பேரிங்கையும் அமிலத்தில் இடலாகாது. கடினமாக்கப்பட்ட உருக்கு அமிலத்தால் நொறுங்கும் தன்மை பெறும். பார்வைக்குப் புதிதாகத் தோன்றும் சங்கிலி பின்னர் திடீரென அறும்.

பெல்ட் ஓடும் கப்பிகளின் முகத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் தூய்மை செய்க. அதில் எண்ணெயோ கிரீசோ படக்கூடாது. இரு கப்பிகளும் ஒரே நேர்க்கோட்டில் உள்ளனவா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் பெல்ட்டின் காப்புமூடியை மறவாமல் பூட்டுக. அறுந்த பெல்ட் மிகுந்த வேகத்துடன் தெறிக்கும்.

சோதனை

முதலில் சமதரையில் மெதுவாக ஓட்டி, இருபுறப் பிரேக்குகளையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். சில மணி நேர ஓட்டத்திற்குப் பின் புதுச் சங்கிலி சற்றே தளரும்; அதை மீண்டும் சரிசெய்ய வேண்டும். அதன் பின்னரே முழங்காலளவு நீரில், கரையோரமாக, மிதவைச் சட்டை அணிந்து இறக்குக. அடித்தளத்தில் நீர் கசிகிறதா என்று பார்த்தபின் ஆழத்தைப் பற்றி எண்ணலாம்.

ஒரு பொறியின் உண்மையான நலம் வெளிப்பூச்சில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத சங்கிலியிலும் பேரிங்கிலும் உள்ளது. அன்றாடம் வேலைக்குச் செல்லும் மோட்டார் சைக்கிளின் சங்கிலியையும் இம்மாதம் ஒரு முறை அளந்து பார்ப்போமாக.