கேமரன் மலை மின்சாரமும் வண்டலும்

பகாங் மாநிலம் கேமரன் மலையில், ரிங்லெட் ஊரை அடுத்து நிற்கும் சுல்தான் அபு பக்கார் அணை 1963-இல் கட்டி முடிக்கப்பட்டது. தெலோம் ஆற்று நீரைச் சுரங்கம் வழியே பெர்த்தாம் ஆற்றுக்குத் திருப்பி, இந்த அணையில் தேக்குகிறார்கள். பிறகு மலையைக் குடைந்து பேராக் பக்கம் இறக்கி, நிலத்தடியில் அமைந்த 100 மெகாவாட் சுல்தான் யூசோப் நிலையத்தில் மின்சாரம் எடுக்கிறார்கள். நிலக்கரியோ எரிவாயுவோ இதற்குத் தேவையில்லை.

சிக்கல் மேலே சரிவுகளில் தொடங்குகிறது. 1929-இல் தொடங்கிய போ நிறுவனத்தின் தேயிலைத் தோட்டங்களில் செடிகள் நெருங்கி வளர்ந்து மண்ணை மூடிவிடுகின்றன. மழையில் மண் அரிப்பு அங்கே குறைவு. காடழித்து, சரிவை வெட்டிச் சமன்செய்து போட்ட காய்கறித் தோட்டங்களிலும் கட்டுமான இடங்களிலும் அப்படியில்லை. அரித்துவரும் மண் அணைக்குள் வண்டலாகப் படிகிறது. மின்தேவை உச்சத்தைத் தொடும் வேளையில் உடனே திறந்துவிட நீர் இருப்பு வேண்டும். அதுதான் நீர்மின்சாரத்தின் பெரும் பலம். வண்டல் பிடித்துக்கொண்ட இடத்தில் அந்த இருப்பு இல்லை. இதனால் குறையும் மின்சாரத்தை எரிவாயுவும் நிலக்கரியும் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

கொள்ளளவு சுருங்கினால் வெள்ளத்தைத் தாங்கும் திறனும் சுருங்கும். 2013 அக்டோபர் 23, நள்ளிரவு கடந்த நேரம். கனமழையில் நிரம்பிய அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் குறைந்தது மூன்று பேர் இறந்தனர். வீடுகளும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன. ஆற்றோரத்தை நெருங்கி வீடுகள் எழுந்திருந்ததும் சேதத்தைக் கூட்டியது.

இதைக் காட்டி நிலக்கரியே மேல் என்று சொல்ல இடமில்லை. மலேசியா தன் நிலக்கரியில் பெரும்பகுதியை இந்தோனேசியா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து இறக்குமதி செய்கிறது. நிலக்கரிச் சுரங்கத்தின் பாதிப்பு அங்கே தங்குகிறது. கரியமில வாயுவின் பாதிப்பு உலகெங்கும் பரவி, இன்னும் பிறக்காதவர்கள்மேலும் விழுகிறது. அணையின் பாதிப்போ ஒரே பள்ளத்தாக்கில், பெயர் சொல்லக்கூடிய குடும்பங்கள்மேல் விழுகிறது. மொத்த அளவில் நிலக்கரியின் தீங்கே பெரிது. ஆனால் அந்தக் கணக்கைக் காட்டி, வீடிழந்தவரிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்வது நியாயமாகாது.

பெர்த்தாம் ஆற்றிலேயே கீழே சூசு அணை கட்டப்பட்டு, 372 மெகாவாட் உலு ஜெலாய் நிலையம் 2016-இல் இயங்கத் தொடங்கியது. இது செமாய் பழங்குடியினர் வாழும் பகுதி. இங்கே கிடைக்கும் மின்சாரம் நாட்டின் மின்தொகுப்புக்குப் போகிறது. ஆகவே தூர்வாரும் செலவும், சரிவுகளில் காட்டை மீட்கும் செலவும், அணைக்குக் கீழே இருப்பவர்களுக்கு உரிய நேரத்தில் எச்சரிக்கை சேரச் செய்யும் செலவும் அந்த மின்சாரத்தின் விலையிலேயே சேர வேண்டும்.