கசப்பும் கலந்த கிறிஸ்துமஸ் பாட்டு

கிறிஸ்துமஸ் பாட்டில் மகிழ்ச்சி மட்டுமே பொங்க வேண்டும் என்பவர்களுக்கு, கிரெக் லேக் 1975இல் வெளியிட்ட ‘ஐ பிலீவ் இன் ஃபாதர் கிறிஸ்துமஸ்’ நெருடலாகத்தான் இருக்கும். சிறுவயது நம்பிக்கை கலைந்துபோனதை அந்த ராக் பாடகர் பாடுகிறார். வரிகள் பீட்டர் சின்ஃபீல்டுடையவை. இடையே வரும் துள்ளலோ, ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியேவ் ஒரு திரைப்படத்துக்காக எழுதிய பனிவண்டி மெட்டு. சொல் வாடியிருக்க, இசை குதிக்கிறது. அந்த முரண்தான் கேட்பவர்களை அதனிடம் திரும்பத் திரும்ப இழுக்கிறது என்பேன். பிரிட்டன் பாடல் தரவரிசையில் குவீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’ முதலிடத்தை விட்டுக்கொடுக்காததால் அது இரண்டாம் இடத்தோடு நின்றது. ஆனாலும் டிசம்பர்தோறும் ஒலிக்கிறது.

பக்தியைக் கெடுக்கும் பாட்டு என்பது ஒரு குற்றச்சாட்டு. ஆனால் பண்டிகை வியாபாரமாகிவிட்டதே என்ற வருத்தத்தில் பிறந்தது அந்தப் பாட்டு; நம்பிக்கையை மதிக்காதவருக்கு அந்த வருத்தம் வராது. மேல்நாட்டார் சோகம் நமக்கெதற்கு என்றும் கேட்கலாம். சோகம் நமக்கும் அந்நியமல்ல; இடுக்கி மாவட்டத்து மூணாறு சிஎஸ்ஐ ஆலயத்தை எண்ணிப் பாருங்கள். அந்தக் குன்றில் முதலில் வந்தது, 1894 கிறிஸ்துமஸ் காலத்தில் காலராவால் இறந்த எலினார் நைட் என்ற பெண்ணின் கல்லறை. ஆலயம் எழுந்தது 1910க்குப் பிறகே. அதே மலைகளின் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் நிலச்சரிவு தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் குழந்தைகளுமாக 70 பேரைக் கொண்டுபோனது. இழப்பை இவ்வளவு அருகில் கண்ட மண்ணில் வெறும் குதூகலம் பாதி உண்மைதான். கரோல் பாடப் போகும் இளைஞர்களே, துயரம் அறிந்த ஒரு பாட்டையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.