வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு: பிள்ளை குழம்புமா?

"வீட்டிலே தமிழ், பள்ளிக்கூடத்திலே தெலுங்கு. இரண்டுக்கும் நடுவே பிள்ளை குழம்பிப் போகாதா?"

விஜயபுரம், நகரி, புத்தூர், சித்தூர் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் பழகிப்போன கேள்வி இது. பிழைப்புத் தேடி வந்தவர்கள் மட்டுமல்ல, தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பவர்களும் கேட்கிறார்கள். 1960 ஏப்ரல் 1-ந் தேதி எல்லை திருத்தி அமைக்கப்பட்டபோது திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. நகரியும் புத்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. அத்தை திருத்தணியில், சித்தப்பா ஏகாம்பரகுப்பத்தில் என்று ஆகிவிட்ட குடும்பங்கள் பல. விசைத்தறி ஓட்டும் தொழிலாளியானாலும் சரி, ஆபீஸ் குமாஸ்தாவானாலும் சரி, பிள்ளையின் மார்க்கு குறைந்தால் முதலில் பழி விழுவது வீட்டுத் தமிழின் மேல்தான். "இனிமேல் வீட்டிலும் தெலுங்கே பேசுவோம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் மனோதத்துவ நிபுணர்களே தூபம் போட்டார்கள். 1923-ல் வேல்ஸ் நாட்டில் ஸேர் என்பவர் சுமார் 1,400 பிள்ளைகளைச் சோதித்து, இரு மொழி பேசும் பிள்ளைகளுக்கு மனக் குழப்பம் உண்டாகிறது என்று எழுதினார். ஆனால் அவருடைய கணக்கிலேயே பட்டணத்துப் பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் தென்படவில்லை. கிராமத்துப் பிள்ளைகளிடம்தான் தென்பட்டது. கிராமத்தின் வறுமைக்கும் வசதிக் குறைவுக்கும் உரிய குற்றத்தை மொழியின் தலையில் சுமத்திவிட்டார் என்று சொல்ல வேண்டும்.

அந்த முடிவைப் புரட்டிப் போட்ட ஆராய்ச்சியில் பெரும் பங்கு ஒரு மாணவியுடையது. கனடாவில் மாண்ட்ரீல் நகரத்து மக்கில் பல்கலைக் கழகத்தில் படித்து வந்த எலிசபெத் பீல், தம் பேராசிரியர் வாலஸ் லாம்பர்ட்டுடன் சேர்ந்து 1962-ல் அதை வெளியிட்டார். பிரெஞ்சுப் பள்ளிகளில் படித்த பத்து வயதுப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சு மட்டும் தெரிந்தவர்கள் ஒரு புறம், பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்தவர்கள் மறுபுறம். குடும்ப அந்தஸ்து இரு பக்கமும் ஒத்திருக்குமாறு பார்த்துக்கொண்டார்கள். சொல் தேவைப்படாத சித்திரச் சோதனைகளையும் வைத்தார்கள். இரு மொழிப் பிள்ளைகளே முந்தினார்கள்!

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. இரண்டு மொழியிலும் தேர்ந்த பிள்ளைகளை மட்டுமே பொறுக்கி எடுத்ததால், கெட்டிக்காரப் பிள்ளைதான் இரண்டாம் மொழியை நன்றாகப் பிடித்துக்கொண்டதோ என்ற சந்தேகம் மிஞ்சுகிறது.

நமக்கு நெருக்கமான சான்று ஒரிஸ்ஸாவிலிருந்து வந்தது. புல்பானி வட்டாரத்தில் கோந்து பழங்குடியினரில் சில ஊர்க்காரர்கள் குயி மொழியையும் ஒரியாவையும் பேசுகிறார்கள். வேறு சில ஊர்களில் குயி மறைந்து ஒரியா மட்டுமே நிலைத்துவிட்டது. ஒரே ஜாதி, ஒரே மாதிரி ஏழ்மை. மொழி ஒன்றில்தான் வேற்றுமை. மனோதத்துவப் பேராசிரியர் அஜித் மொகந்தி இரு தரப்புப் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். தாய்மொழியை விடாமல் ஒரியாவும் கற்றவர்களே மொத்தத்தில் மேலாக நின்றார்கள். மைசூரிலுள்ள இந்திய மொழிகள் மத்திய நிறுவனம் இதை 1994-ல் புத்தகமாக வெளியிட்டது.

அப்படியானால் நம் பிள்ளை வகுப்பில் தடுமாறுவது ஏன்? கனடாவில் குடியேறியவர்களின் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் இதற்கு விடை சொன்னார். தெருவில் விளையாடப் போதுமான பேச்சு இரண்டு வருஷத்தில் வந்துவிடும். பாடப் புத்தகத்து மொழி வசப்பட ஐந்து முதல் ஏழு வருஷம் பிடிக்கும். பிள்ளை சரளமாகத் தெலுங்கு பேசுவதைக் கேட்ட வாத்தியார், "மொழி வந்துவிட்டது, மூளைதான் மந்தம்" என்று நினைத்துக்கொள்கிறார். மொழி வந்தது பாதிதான் என்பது அவருக்குத் தெரிவதில்லை. இங்கேதான் பல பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது.

முதல் வகுப்பின் முதல் வாரத்தை எண்ணிப் பாருங்கள். வாத்தியாரம்மா "செப்பு" என்கிறார். சொல்லு என்று அர்த்தம். தமிழ்ப் பிள்ளைக்கோ செப்பு என்றால் சோறு பொங்கி விளையாடும் மரச் சாமான்! அது பேசாமல் நிற்கிறது. அதன் பேருக்கு நேரே என்ன குறிப்பு விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மார்க்கைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. தன்னைப் பற்றிப் பிள்ளை என்ன நினைக்கிறது? அமெரிக்காவில் மேமி கிளார்க் என்ற கறுப்பினப் பெண், ஹோவர்டு பல்கலைக் கழகத்தில் எம்.ஏ. பட்டத்துக்காக 1939-ல் எழுதிய ஆராய்ச்சி இதைப் பற்றியதே. பள்ளிக்குப் போகாத சின்னஞ்சிறு கறுப்புப் பிள்ளைகளிடம் படங்களைக் காட்டி, "இதில் நீ யார்?" என்று கேட்டார். பிறகு அவரும் கணவர் கென்னத்தும் பொம்மைகளை வைத்து அதைத் தொடர்ந்தார்கள். பல பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்று சுட்டின. கென்னத் கிளார்க் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை, 1954-ல் நிறப் பிரிவினைப் பள்ளிகள் செல்லாது என்ற சுப்ரீம் கோர்ட் தீர்ப்பின் அடிக்குறிப்பில் இடம் பெற்றது. எம்.ஏ. ஆராய்ச்சி அலமாரியில் தூங்கத்தான் லாயக்கு என்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

நிறத்தின் கொடுமையும் மொழிச் சிக்கலும் ஒன்றல்ல. இங்கே தமிழரும் தெலுங்கரும் சம்பந்திகளாகவே இருக்கிறார்கள். ஆனாலும் கடைத் தெருவில் அம்மா தமிழில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூசும் பிள்ளை எதையோ கற்றுக்கொண்டுவிட்டது. அதைப் பள்ளி கற்றுத் தந்ததா, நாமே கற்றுத் தந்தோமா?

சட்டத்தில் வழி இருக்கிறது. 1956-ல் சேர்க்கப்பட்ட அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு, சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யச் சொல்கிறது. வகுப்பில் 10 பேர் அல்லது பள்ளியில் 40 பேர் இருந்தால் தாய்மொழி ஆசிரியர் என்பது 1949-லேயே மாகாணக் கல்வி மந்திரிகள் ஒப்புக்கொண்ட கணக்கு. கேட்பதற்கு எத்தனை பெற்றோர் கையெழுத்துப் போடுவார்கள் என்பதுதான் பாக்கி.

திருப்பதியில் 1954-ல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக் கழகம் இருக்கிறது. 1983-ல் வந்த பத்மாவதி மகளிர் பல்கலைக் கழகமும் இருக்கிறது. நகரிப் பக்கத்துத் தமிழ் மாணவியோ மாணவனோ ஆராய்ச்சிக்குத் தலைப்புத் தேடினால், ஊரிலேயே இருக்கிறது. ஆனால் தெலுங்கில் மட்டும் கேள்வி கேட்டால் தெலுங்கைத்தான் அளக்க முடியும். அதே பிள்ளையிடம் பாட்டி சொன்ன கதை ஒன்றைத் தமிழில் ஒரு நாள், தெலுங்கில் மறு நாள் சொல்லச் சொல்லிக் கேட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.