லாரி விபத்தும் இழப்பீட்டு மனுவும்: சிகிச்சை நடக்கும்போதே கவனிக்க வேண்டியவை

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், விசைத்தறித் தொழிலாளி ஒருவர் ஷிப்டு முடிந்து இரவில் இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். அவரை முந்திச் சென்ற லாரியின் இடப்பக்கம் அவரது வண்டியை உரசியது. அவர் நிலைதடுமாறி விழ, பின்சக்கரம் வலக்காலின் மீது ஏறியது. லாரி நிற்கவில்லை. சற்று நேரம் கழித்து அவ்வழியே வந்த இருவர் அவரை ஆட்டோவில் ஏற்றி எங்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவில் சேர்த்தனர். எவ்வாறு நேர்ந்தது என்று பணி மருத்துவர் வினவியபோது, விபத்தைக் கண்ணால் காணாத அவ்விருவரும், "வண்டியிலிருந்து விழுந்துவிட்டார் சார்" என்றனர். விபத்துப் பதிவேட்டில் அவ்வாறே எழுதப்பட்டது.

அவர் உயிர் பிழைத்தார். ஆனால் வலக்காலை முழங்காலுக்குக் கீழே அகற்ற வேண்டியதாயிற்று. அப்போது அவருக்கு வயது 34. (அவரது இசைவுடனே இதனை எழுதுகிறோம். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளோம்.)

மூன்றாம் நாள் அவர் பேசும் நிலைக்கு வந்த பின்னரே காவல் துறையினர் வாக்குமூலம் பெற்றனர். சாலையோரத் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் லாரியின் எண்ணைக் குறித்து வைத்திருந்தார். முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று, லாரியும் கண்டுபிடிக்கப்பட்டது. குடும்பத்தார் இழப்பீட்டு மனுவைத் தாக்கல் செய்தனர். அங்கேதான் இடர் தொடங்கியது. 'இவர் தானாக விழுந்தவர் என்று மருத்துவமனைப் பதிவேடே கூறுகிறது. இந்த லாரி பின்னர் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது' என்பது காப்பீட்டு நிறுவனத்தின் வாதம். முன்பின் அறியாத இருவர் நல்லெண்ணத்துடன் சொன்ன ஒரு வாக்கியம், ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரத்திற்கு எதிரான சான்றாக நின்றது.

அந்நாள்களில் அவருடைய மனைவி எங்களிடம் வந்து, "அந்த ஒரு வரியை மட்டும் மாற்றித் தாருங்கள்" என்று கண்ணீருடன் கேட்டார். மாற்ற இயலாது என்றோம். பதிவேட்டில் எழுதப்பட்டதை அடித்துத் திருத்தினால், அது சட்டப்படி குற்றமாவதோடு வழக்கையும் அடியோடு கெடுத்துவிடும். எங்களால் இயன்றது வேறு. சிகிச்சை அளித்த எலும்பியல் மருத்துவர் தீர்ப்பாயத்தில் சாட்சியம் அளித்தார். எலும்பும் தசையும் நசுங்கியிருந்த விதம் வெறும் வீழ்ச்சியால் ஏற்படக்கூடியதன்று, கனமான சக்கரம் ஏறியதால் ஏற்படக்கூடியது என்று விளக்கினார். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் லாரியின் இடப்பக்கத்துக் கீறல் குறிக்கப்பட்டிருந்தது. தேநீர்க் கடைக்காரரும் வந்து சாட்சி சொன்னார். மனு ஏற்கப்பட்டது. ஆயினும் அதற்குள் இரண்டரை ஆண்டுகள் கழிந்திருந்தன.

எங்கள் தரப்பின் குறையும் இதில் உண்டு. தகவல் தந்தவர் யார், அவர் விபத்தை நேரில் கண்டாரா என்பதைப் பதிவேட்டில் எழுதத் தவறினோம். இப்போது அவ்விரண்டையும் எழுதுகிறோம். உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது இதுவே: நோயாளியுடன் வருபவர் விபத்தைக் காணவில்லையெனில், 'எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை' என்று சொன்னால் போதும். ஊகித்துச் சொல்ல வேண்டா. உறவினர் வந்து சேர்ந்ததும் விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேட்டுப் படித்துப் பாருங்கள். தவறிருப்பின் அன்றே எழுத்து மூலம் தெரிவியுங்கள். பழைய பதிவு அப்படியே இருக்கும். உங்கள் கூற்று தேதியுடனும் நேரத்துடனும் தனியே சேர்க்கப்படும். அன்று சேர்க்கப்பட்ட கூற்றுக்கும் ஆறு மாதம் கழித்துச் சேர்க்கப்படும் கூற்றுக்கும் உள்ள மதிப்பு வேறுபாடு பெரிது.

இனி மனுவைப் பற்றி. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 166-ஆம் பிரிவின்படி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு அளிக்க வேண்டும். விபத்து நடந்த ஊரில்தான் அளிக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலும் அளிக்கலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் விபத்து நாளிலிருந்து ஆறு மாதக் காலவரம்பை விதித்துள்ளது. அது 1-4-2022 முதல் நடைமுறைக்கு வந்தது. காலவரம்பே இல்லாதிருந்த பழைய நிலையை நினைவில் வைத்துக்கொண்டு, 'கால் முழுதும் ஆறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று உறவினர் பலர் இன்றும் அறிவுரை கூறுகின்றனர். அதனைக் கேளாதீர்கள். ஊனத்தின் அளவைப் பின்னர் மெய்ப்பிக்கலாம். மனுவை முன்னரே அளித்துவிடலாம்.

இதே சட்டத்தின் 164-ஆம் பிரிவின்கீழ், யார் மீது தவறு என்று மெய்ப்பிக்காமலே, மரணத்திற்கு 5 இலட்சம் ரூபாயும் கொடுங்காயத்திற்கு 2.5 இலட்சம் ரூபாயும் பெற வழியுண்டு. விரைவில் கிடைப்பது என்பதால் இது கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் இதனை ஏற்றுக்கொண்டால் 166-ஆம் பிரிவின்கீழ் அளித்த மனு இல்லாமற்போகும். காலை இழந்த இளைஞர் ஒருவருக்கு இது நட்டமான பேரமாகவே முடியும் என்பது எங்கள் கருத்து. கையெழுத்திடும் முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள். வாகனம் எதுவென்றே தெரியாத நிலையில், 161-ஆம் பிரிவின்கீழ் மரணத்திற்கு 2 இலட்சமும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் உண்டு.

தொகையைக் கணக்கிடும் முறையைக் குடும்பத்தார் அறிந்திருப்பது நலம். ஏனெனில் மருத்துவ ஆவணங்களின் பங்கு அதில்தான் தெரிகிறது. எடுத்துக்காட்டாக, 34 வயதுள்ள ஒருவரின் மாத வருவாய் 15,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றதாகக் கொள்வோம். நிரந்தரப் பணியில் இல்லாத, 40 வயதுக்குட்பட்டவராதலின், எதிர்கால உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்த்தால் 21,000 ரூபாய். ஆண்டுக்கு 2,52,000. உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கில் வகுத்த அட்டவணைப்படி இவ்வயதுக்குரிய பெருக்கெண் 16, ஆகவே 40,32,000. இத்தொகையில் எத்தனை விழுக்காடு கிடைக்கும் என்பது, வருவாய் ஈட்டும் திறனில் அவர் எவ்வளவு இழந்தார் என்பதைப் பொறுத்தது. 40 விழுக்காடு என்றால் 16,12,800 ரூபாய். 70 விழுக்காடு என்றால் 28,22,400 ரூபாய்.

மருத்துவர் தரும் ஊன விழுக்காடும் வருவாய் இழப்பு விழுக்காடும் ஒன்றல்ல. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் இதனைத் தெளிவாக்கியது: இடக்கையை இழந்த தச்சருக்கோ ஓட்டுநருக்கோ ஏறத்தாழ முழு வருவாயும் போகலாம், அரசு அலுவலக எழுத்தருக்கு அவ்வாறு ஆகாமலிருக்கலாம். ஆகவே, 'விழுக்காட்டைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள் டாக்டர்' என்று வேண்டுவதில் பயனில்லை. நாங்கள் அதற்கு இசைவதுமில்லை. மாறாக, அவர் செய்த வேலை எத்தகையது என்பதை மருத்துவரிடம் விரிவாகச் சொல்லுங்கள். மேற்கூறிய தொழிலாளி நாள் முழுதும் தறிகளுக்கிடையே நின்றும் நடந்தும் வேலை செய்தவர். இன்று அவர் உட்கார்ந்தபடி தார் சுற்றுகிறார்; கூலி முன்பு பெற்றதில் பாதிக்கும் குறைவு. இவ்விவரம் மருத்துவக் குறிப்பிலும் முதலாளியின் சான்றிலும் இருந்தமையால்தான் தீர்ப்பாயம் அதனைக் கருத்தில் கொண்டது. செயற்கைக் கால் ஒருமுறை பொருத்தினால் ஆயுள் முழுதும் உழைக்காது. மாற்றுவதற்காகும் செலவின் மதிப்பீட்டையும் எழுதி வாங்குங்கள்.

மூல ரசீதுகளை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். தீர்ப்பாயத்தில் அளிக்கும் முன் முழுத் தொகுப்பையும் நகலெடுத்து வையுங்கள். ஆட்டோ வாடகை, உடனிருந்து கவனித்தவர் இழந்த கூலி, சத்துணவுச் செலவு ஆகியவையும் கோரத்தக்கவையே. ஒரு நாற்பது பக்க நோட்டில் நாள்தோறும் குறித்து வந்தால் போதும்.

வார்டு வாசலில் விசிட்டிங் கார்டுடன் நிற்கும் தரகர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் காவலர்கள் விரட்டினாலும் பார்வையாளர் நேரத்தில் உறவினர்போல் உள்ளே வந்துவிடுகின்றனர். மயக்கம் தெளியாத நோயாளியின் கைநாட்டை வெற்றுத்தாளில் பெற முயன்றதையும் நாங்கள் கண்டதுண்டு. கிடைக்கும் தொகையில் பங்கு என்று வழக்கறிஞர் பேசிக்கொள்வதை இந்திய வழக்கறிஞர் கழக விதிகள் தடை செய்கின்றன. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் வகுப்பினர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கட்டணமில்லா வழக்கறிஞர் கிடைப்பார். தொலைபேசி எண் 15100. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்வதும் நல்ல வழியே. ஆனால் அங்கு முடிந்த தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால், மேலே காட்டிய கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.

விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சுருக்கம், எக்ஸ்ரே படங்கள் ஆகியவற்றை மருத்துவ ஆவணப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டுப் பெறலாம். நோயாளி வர இயலாதெனில், அவர் கையொப்பமிட்ட கடிதத்துடனும் அடையாள அட்டையுடனும் நெருங்கிய உறவினர் வரலாம். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் தயங்க வேண்டா. மருத்துவ சமூகப் பணியாளர்கள் எழுதித் தருவார்கள்.