படிப்பு ஏறாத பிள்ளையை அடிக்காதீங்க



"கடைக்கு அனுப்பினா மீதிச் சில்லறையைச் சரியா எண்ணி வாங்கியாந்துடுறான். எந்தக் குட்டி எந்த ஆட்டோடதுன்னு பார்த்ததுமே சொல்றான். புத்தகத்தைத் திறந்தா மட்டும் எழுத்துக்கூட்ட வரலை. நாலாவது படிக்கிறான்."

குழுக் கூட்டத்தில் இப்படி வருத்தப்படும் தாயை நாம் பார்த்திருப்போம். "மக்கு, சோம்பேறி" என்று பிள்ளையைத் திட்டுகிறோம், அடிக்கிறோம். அவனும் வெட்கப்பட்டுப் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிடுகிறான்.

இது டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். எழுத்தையும் அதன் ஒலியையும் சேர்த்துப் பிடிப்பது இந்தப் பிள்ளைகளின் மூளைக்குச் சிரமம். அறிவுக்குக் குறைவில்லை. வளர்ப்பும் காரணமில்லை. இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. "எனக்கும் படிப்பு ஏறலை" என்று பள்ளியை விட்ட நம்மில் சிலருக்குக்கூட இது இருந்திருக்கலாம்.

எப்படித் தெரிந்துகொள்வது?

* சொன்னால் புரிந்துகொள்ளும் பிள்ளை, படிக்க மட்டும் திணறும்.
* எழுத்தை விட்டுவிட்டுப் படிக்கும். 'கடல்' என்பது 'கல்' ஆகிவிடும்.
* கெ, கே, கொ, கோ போன்றவை நெடுநாள் குழப்பும்.
* நேற்று படித்த சொல் இன்று புதிதாகத் தெரியும்.

முதலில் கண், காது இரண்டையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். இதற்கு மாத்திரை கிடையாது. ஞாபகசக்தி டானிக் வாங்கக் கடன் வாங்காதீர்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

எழுதப் படிக்கத் தெரியாத தாயும் உதவலாம். 'மரம்' என்று சொல்லி, ம-ர-ம் என்று ஒவ்வொரு ஒலிக்கும் கை தட்டச் சொல்லுங்கள். முதல் ஒலி எது, கடைசி ஒலி எது என்று கேளுங்கள். தாம்பாளத்தில் மணல் பரப்பி, ஓர் எழுத்தை விரலால் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். அக்கா, அண்ணன் விரல் வைத்துப் படிக்க, கூடவே படிக்கட்டும். தினமும் கால் மணி நேரம் போதும். தப்பு வந்தால் சிரிக்கக் கூடாது.

பள்ளியில் என்ன கேட்கலாம்?

வகுப்பு ஆசிரியரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநர் பிள்ளையைப் பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டுள்ளது. மருத்துவச் சான்று இருந்தால், பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும், பிள்ளை சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும் கேட்கலாம். தேர்வு நேரத்தில் ஓடாமல், முன்கூட்டியே தலைமை ஆசிரியர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும்.

சகோதரிகளே, டிஸ்லெக்சியா முழுதாகப் போய்விடாது. ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்துப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை படிக்கும், மெதுவாகப் படிக்கும். அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் பேசி முடித்ததும், "யார் வீட்டுப் பிள்ளைக்கு வாசிக்கச் சிரமம்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வெட்கப்பட்டு மறைத்து வைத்திருக்கும் ஒரு தாய் வாய் திறப்பாள். ஒரு பிள்ளையின் படிப்பு நிற்காமல் தொடரும்.